கட்டுப்படியாகுமா? புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

சந்தையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். ‘கட்டாதுங்க’, ‘அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது’, ‘முதலுக்கே வரல’ என்று நாலு பக்கமும் கேட்கும். வாங்குகிறவரும் சொல்வார், விற்கிறவரும் சொல்வார். ஒரே மூட்டை வெங்காயத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேருமே ‘எனக்குக் கட்டாது’ என்பார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மூட்டை கைமாறியிருக்கும். அப்படியென்றால் யாருக்குக் கட்டியது?

ஈரோட்டுப் பக்கம் சிறு கடைகளுக்கும் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்: ‘இது கட்டுப்படியாகுமா சார்?’ பதில் சொல்வதற்கு முன் நான் இரண்டு எதிர்க்கேள்வி கேட்பேன். யாருக்கு? எத்தனை நாளைக்கு? பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்த இரண்டையும் சேர்க்காமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது. அதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். (கட்டுப்படி, கட்டுபடி என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். நான் முதலாவதை வைத்துக்கொள்கிறேன்.)

முதலில்: யாருக்கு?

‘இந்தப் புடவை மலிவு’ என்று சொன்னால் வாக்கியம் முடிந்துவிடுகிறது. மலிவு என்பது புடவையின் விலையைப் பற்றிய பேச்சு. ‘இந்தப் புடவை கட்டுப்படியாகும்’ என்றால் கேட்கிறவர் காத்திருப்பார். யாருக்கு என்பது இன்னும் வரவில்லை. எனக்கு, உங்களுக்கு, கடைக்காரருக்கு, நெய்தவருக்கு என்று ஒரு ‘கு’ கட்டாயம் வேண்டும். வாயால் சொல்லாவிட்டாலும் மனதில் இருக்கும். விலையையும் ஓர் ஆளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற சொல் இது.

ஆங்கிலத்தில் இதற்கு ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவருக்குக் கட்டினால் அஃபோர்டபிள். விற்கிறவருக்குக் கட்டினால் ரெம்யூனரேடிவ். தொழிலுக்கே கட்டினால் வயபிள். போட்ட செலவுக்குத் தகுந்த பயன் கிடைத்தால் காஸ்ட் எஃபெக்டிவ். நமக்கு ஒரே சொல் போதும், ‘கு’வுக்கு முன்னால் இருக்கிற ஆளை மாற்றினால் வேலை முடிந்தது. வசதிதான். ஆனால் ஏமாறுவதும் இங்கேதான். ‘கட்டுப்படியான விலை’ என்று ஒரு வீட்டு விளம்பரம் சொன்னால் வாங்குகிறவருக்கு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அதையே ஒரு விவசாயி சொன்னால் பொருள் நேர் எதிர்ப்பக்கம் போய்விடும். வீடு வாங்குகிறவர் விலை இறங்க வேண்டும் என்கிறார், விவசாயி ஏற வேண்டும் என்கிறார். சொல் மட்டும் ஒன்று.

இரண்டு பக்கமும் கட்டுகிற விலை என்று ஒன்று உண்டா? உண்டு, அதற்காகவே ஓர் ஏற்பாடும் இருக்கிறது. உழவர் சந்தை. முதல் சந்தை 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் திறந்தார்கள். அங்கே விலைப்பலகையில் எழுதுகிற விலை, மொத்த விலையை விடக் கூடுதலாகவும் வெளிக்கடைச் சில்லறை விலையை விடக் குறைவாகவும் இருக்கும். நடுவில் இருந்த ஆள் விலகியதால் மிச்சமானதை விளைவித்தவரும் வாங்குகிறவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு ‘எனக்கு’ம் ஒரே எண்ணில் உட்கார்வது அபூர்வம். உட்கார்ந்தால் அதற்கு ஏதோ ஒரு செலவு எங்கோ வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஆகவே முதல் வேலை: இந்தச் சொல்லை எங்கே கேட்டாலும், எங்கே சொல்லப் போனாலும், முன்னால் ஓர் ஆளைப் போட்டுப் பாருங்கள். போட முடியவில்லை என்றால் அது விளம்பரம்.

அப்புறம்: எத்தனை நாளைக்கு?

குண்டு பல்பு, எல்.இ.டி. பல்பு கதை எல்லோருக்கும் தெரியும். 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 110 யூனிட். அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.இ.டி. எரித்தால் 16 யூனிட் சொச்சம். வித்தியாசம் 93 யூனிட். வாங்கும்போது குண்டு பல்பு மலிவு, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எல்.இ.டி.தான் கட்டுப்படி. இதுவரை எல்லோரும் சொல்வதுதான்.

ஆனால் மறுபடியும் ‘யாருக்கு’ என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. இரண்டு மாதமும் சேர்ந்தே 80 யூனிட்தான் ஓடுகிற சின்ன வீடு ஒன்றில் அந்த 93 யூனிட் மிச்சத்தின் ரூபாய் மதிப்பு பூஜ்யம். நாட்டுக்கு மின்சாரம் மிச்சம், அனல் மின் நிலையத்தில் நிலக்கரி மிச்சம், அந்த வீட்டுக்காரம்மாவின் பையில் மட்டும் ஒன்றும் மிச்சமில்லை. எல்.இ.டி. வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பல்பு பல நாள் உழைக்கும், மாற்றுகிற செலவு குறையும், அது வேறு கணக்கு. ‘எல்லோருக்கும் கட்டுப்படி’ என்ற பேச்சு எங்கே உடைகிறது என்று காட்டத்தான் சொன்னேன்.

இரும்பு தோசைக்கல்லும் ஒட்டாத பூச்சு பூசிய நான்-ஸ்டிக் கல்லும் இதே வகை. பூச்சு உரிகிறது, இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது. இரும்புக்கல்லை மாமியார் மருமகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஓட்டலுக்கு எது கட்டும், ஒரு வருடத்தில் ஊர் மாறிப் போகப் போகிற அறைத்தோழர்களுக்கு எது கட்டும் என்பது தனித்தனி.

கணக்கைப் போடுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கடைக்குப் போடுகிற ஒரு அக்கா என்னிடம் வந்தார். ஒரு நாள் தொழிலை அப்படியே எழுதிக் காட்டுகிறேன். விலைகள் உங்கள் ஊரில் வேறாக இருக்கும், எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். முறை ஒன்றுதான்.

ஒரு தடவை அரைக்க 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து. அரிசி கிலோ 45 என்று 180 ரூபாய், உளுந்து 130, வெந்தயம் உப்புக்கு 10. ஆக 320. மாவு ஏறக்குறைய 11 கிலோ கிடைக்கும். கிலோவுக்கு 29 ரூபாய். கடைக்காரருக்கு 40க்குப் போடுகிறார், கடைக்காரர் 50க்கு விற்கிறார். அக்கா என்னிடம் சொன்ன கணக்கு இதுதான்: ‘கிலோவுக்கு 11 ரூபா நிக்குது சார். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அரைக்கிறேன், 22 கிலோ. 242 ரூபா லாபம். ஆனா மாசக் கடைசியில கையில ஒண்ணும் இல்லையே, ஏன்?’

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் பழைய பதில் ஒன்று இருக்கிறது. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். அவர் சுண்டைக்காயை எண்ணியிருக்கிறார், சுமைகூலியை எண்ணவில்லை.

எழுத ஆரம்பித்தோம். 22 கவர், ஒன்று ஒன்றரை ரூபாய் என்று 33. கிரைண்டர் ஓட கரண்ட் 10 என்று வைத்தோம். நாலு கடைக்கு ஸ்கூட்டியில் போய்ப் போட்டுவர பெட்ரோல் 60. பிறகு அவர் சொல்ல வெட்கப்பட்ட ஒன்று: புளித்துப் போய்த் திரும்பி வருகிற மாவு. தினமும் சராசரியாக 2 கிலோ. ஆக, காசாவது 22 கிலோ அல்ல, 20 கிலோதான். வரவு 800. செலவு என்ன? சரக்கு 640, கவர் 33, கரண்ட் 10, பெட்ரோல் 60, மொத்தம் 743. மிச்சம் 57 ரூபாய்.

சரி, கிரைண்டர்? சாய்க்கிற பெரிய கிரைண்டர் 18,000 கொடுத்து வாங்கியிருக்கிறார். ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தாலும் நாளைக்கு 10 ரூபாய் தேய்கிறது. இது கையிலிருந்து தினமும் போகாததால் யாரும் எழுதுவதில்லை. ஐந்தாம் வருடம் மொத்தமாகப் போகும்போது கடன் வாங்குவார்கள். அந்த 10ஐக் கழித்தால் 47.

47 ரூபாய்க்கு அவர் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்? ஊறவைத்து, கழுவி, அரைத்து, கிரைண்டரைக் கழுவி, கட்டி, கடைக்குப் போய்வர ஐந்து மணி நேரம். மணிக்கு ஒன்பது ரூபாய் சொச்சம். நான் எண்ணைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், ‘வீட்டில சும்மா இருக்கிற நேரம்தானே சார்’ என்றார். இந்த ஒரு வாக்கியம் நம் ஊரில் எத்தனை வீட்டுத் தொழிலை மூடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று கிடையாது. அவரால் ஐந்து மணி நேரம் முடியாமல் போய் ஓர் ஆளை வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலியைத் தாங்காத விலை அவருக்கும் தாங்காத விலைதான்.

மணிக்கு 50 ரூபாய் என்று மிகக் குறைவாகவே அவர் உழைப்புக்கு விலை போட்டோம். 250. இப்போது மொத்தச் செலவு 743, 10, 250 சேர்த்து 1,003. விற்ற 20 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 50 ரூபாய். கடைக்காரர் வாடிக்கையாளருக்கு விற்கிற விலையும் அதேதான்! அதாவது அவருடைய அடக்கவிலையே கடை விலைக்கு வந்து நிற்கிறது. 40க்குப் போடுவது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைக்காரருக்குக் கட்டுகிறது, சாப்பிடுகிறவருக்குக் கட்டுகிறது, நடுவில் இருக்கிற அக்காவின் ஐந்து மணி நேரம்தான் இரண்டு பேருக்கும் தள்ளுபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

என்ன செய்தார்? கடைகளை விட்டுவிட்டுத் தெருவிலேயே வீட்டு வாசலில் 50க்கு விற்க ஆரம்பித்தார். பெட்ரோல் போயிற்று. முன்கூட்டியே சொல்லி வாங்குகிறவர்கள் என்பதால் திரும்பி வருவதும் இல்லை. ஒரு கிலோ வீட்டுக்கு, 21 கிலோ விற்பனை, 1,050 வரவு. செலவு 640, 33, 10, 10 என்று 693. மிச்சம் 357. அதே ஐந்து மணி நேரம் என்று வைத்தாலும் மணிக்கு 71 ரூபாய். அவர் இன்னும் பணக்காரர் ஆகவில்லை, ஆனால் ‘கட்டுது சார்’ என்கிறார். இப்போது அந்தச் சொல்லுக்குள் ஓர் எண் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். ஒரு நாள், அல்லது ஒரு சரக்கு, அல்லது ஓர் ஆர்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கைவிட்டுப் போன காசு எல்லாம் முதலில். பிறகு வீணாவது, திரும்புவது. பிறகு தேய்மானம். கடைசியில் உங்கள் கூலி. இந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், மற்றதில் பத்து இருபது தவறினாலும் சமாளித்துக்கொள்ளலாம். மின்சாரத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: வீட்டு இணைப்பில் இருக்கிற இலவச யூனிட்டில் தொழிலை ஓட்டிவிட்டு ‘கரண்ட் செலவே இல்லை’ என்று கணக்கு எழுதினால், தொழில் வளர்ந்து இணைப்பை மாற்ற வேண்டி வருகிற அன்று விலையையும் மாற்ற வேண்டி வரும். வாடிக்கையாளர் அன்றைக்குக் காரணம் கேட்க மாட்டார், அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

நெல்லிலும் இதே சண்டை

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். ‘விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை’ என்று போராட்டத்தில் கேட்கிறோமே, அதற்குள்ளும் மாவு அக்காவின் கணக்குத்தான் இருக்கிறது. பெயர்கள்தான் பயமுறுத்தும்.

மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிப்பதற்குப் பரிந்துரை செய்வது வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம். 1965இல் வேறு பெயரில் தொடங்கிய அமைப்பு. அது செலவைப் பல அடுக்காகப் பிரிக்கிறது. ‘ஏ2’ என்பது விவசாயி விதை, உரம், மருந்து, ஆள்கூலி, டீசல் என்று கைவிட்டுச் செலவழித்தது. அதோடு வீட்டார் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தால் ‘ஏ2 பிளஸ் எஃப்.எல்’. சொந்த நிலத்துக்குக் குத்தகை எவ்வளவு வந்திருக்கும், போட்ட சொந்த முதலுக்கு வட்டி எவ்வளவு என்பதையும் சேர்த்தால் ‘சி2’. அக்காவின் கதையில் சொன்னால், 753 ரூபாய் வரைக்கும் ஏ2 மாதிரி. 250 ரூபாய்க் கூலி சேர்ந்தது இரண்டாவது. அவர் வீட்டு முன்னறைக்கு வாடகையும் கிரைண்டரில் முடங்கிய 18,000க்கு வட்டியும் சேர்த்திருந்தால் அது சி2. நான் சேர்க்கவில்லை, ஏற்கெனவே அவர் முகம் வாடிப்போயிருந்தது.

எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் 2004இல் அமைந்த தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து ஆதரவு விலை தர வேண்டும் என்றது. எந்தச் செலவுக்கு மேல் என்பதில்தான் இன்றுவரை இழுபறி. 2023-24ஆம் ஆண்டுக்கான சாதா ரக நெல்லை எடுத்துக்கொள்வோம். இந்திய சராசரியாக ஏ2 பிளஸ் எஃப்.எல். செலவு குவிண்டாலுக்கு 1,455 ரூபாய். ஒன்றரை மடங்கு என்றால் 2,183, அறிவித்த விலையும் அதுதான். சி2 செலவு 1,911. அதில் ஒன்றரை மடங்கு போட்டால் 2,866 ரூபாய் சொச்சம். குவிண்டாலுக்கு 683 ரூபாய் வித்தியாசம். ‘ஒன்றரை மடங்கு கொடுத்துவிட்டோம்’ என்பதும் உண்மை, ‘கொடுக்கவில்லை’ என்பதும் உண்மை. அடியில் வைத்த எண்தான் வேறு. இனி யாராவது ‘கட்டுப்படியான விலை கொடுத்தாயிற்று’ என்று மேடையில் சொன்னால் எந்த அடுக்குச் செலவு என்று கேட்க உங்களுக்குத் தெரியும்.

கரும்புக்கு இன்னொரு பெயர். 2009க்குப் பிறகு மத்திய அரசு அறிவிப்பதை ‘நியாயமான மற்றும் ஆதாய விலை’ என்கிறார்கள். பெயரிலேயே ஆதாயம் இருக்கிறது. ஆனால் அது கரும்பில் கிடைக்கிற சர்க்கரைச் சத்தின் சதவீதத்தோடு கட்டப்பட்ட விலை, சத்து குறைந்தால் ஓர் எல்லை வரைக்கும் டன்னுக்குக் கிடைப்பதும் குறையும். நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டுப் பல வருடமாகக் குரல் கொடுத்துவருவதும் இதே சொல்லால்தான்.

பறிகூலிக்குக் கட்டுமா?

சந்தையில் தக்காளி விலை விழும்போது புதியவர்கள் குழம்புகிற ஓர் இடம் உண்டு. ஒட்டன்சத்திரம், பாலக்கோடு பக்கம் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள் என்று செய்தி வரும். ‘சும்மா விடுவதற்குப் பதில் கிடைத்த விலைக்கு விற்கலாமே’ என்று நகரத்தில் இருப்பவர் கேட்பார். விவசாயி அப்போது பார்ப்பது மொத்த அடக்கவிலையை அல்ல. நாற்றுக்கும் உரத்துக்கும் குச்சி கட்டியதற்கும் போட்ட பணம் போனது போனதுதான், பறித்தாலும் பறிக்காவிட்டாலும் திரும்பி வராது. இனிமேல் கையைவிட்டுப் போகப் போவது என்ன? பறிகூலி, பெட்டி, வண்டி வாடகை, மண்டி கமிஷன். விற்கிற விலை இதைத் தாங்கினால் பறிப்பார், நட்டத்திலும் பறிப்பார், நட்டம் கொஞ்சம் குறையுமே. தாங்காவிட்டால் பறிக்க மாட்டார். ‘விலை கட்டுதா’ என்பதும் ‘பறிகூலிக்குக் கட்டுதா’ என்பதும் இரண்டு வேறு கேள்வி.

உங்கள் தொழிலிலும் இந்த இரண்டையும் பிரித்து வையுங்கள். தீபாவளி முடிந்து மீந்த சரக்கு, நாளைக்குப் புளிக்கப் போகிற மாவு, காலியாகக் கிளம்பப் போகிற வண்டி, இவற்றை அடக்கவிலைக்குக் கீழேயும் தள்ளலாம். ஆனால் இது பழக்கமாகக் கூடாது. பறிகூலி விலைக்கே வருடம் முழுவதும் விற்றால் அடுத்த நாற்றுக்குக் காசு எங்கிருந்து வரும்?

வாயால் சொல்லும்போது

பேச்சில் இது பெரும்பாலும் ‘கட்டும்’, ‘கட்டாது’ என்று சுருங்கிவிடும். தவணை கட்டுவது, வரி கட்டுவது இவையும் கட்டுவதுதான், குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘அவன் கட்டுவான்’ என்றால் பணம் செலுத்துவான். ‘அது கட்டும்’ என்றால் கட்டுப்படியாகும்.

வியாபாரி வாயில் ‘கட்டாது’ பெரும்பாலும் பேரத்தின் ஆரம்பம். வேண்டாம் என்று பொருள் கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். நீங்கள் வாங்குகிறவர் என்றால் அமைதியாக, ‘சரிங்க, உங்களுக்கு எதுக்குக் கட்டும், நீங்களே சொல்லுங்க’ என்று கேளுங்கள். எண் அவர் வாயிலிருந்து வரட்டும். மாட்டுச்சந்தையில் துண்டை மூடி அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு எண் தெரியக் கூடாது என்பதற்காக. ஒருவருக்குக் கட்டுகிற விலை அடுத்தவர் காதில் விழுந்தால் அதுவே சந்தை விலையாகிவிடும். மொத்த வியாபாரத்தில் நீங்கள் ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்த சலுகையை எல்லோர் முன்னிலையிலும் சொல்லாமல் இருப்பதும் அந்தத் துண்டுதான்.

நீங்கள் விற்கிறவர் என்றால் ‘கட்டாதுங்க’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் ஒரு காரணத்தைச் சேர்த்துச் சொல்வது நல்லது. ‘அந்த விலைக்குக் கட்டாதுங்கண்ணா, உளுந்தே 130 ஆகுது. நாளைக்கு 30 கிலோவா எடுத்தீங்கன்னா ரெண்டு ரூபா குறைச்சுப் பாக்கறேன்.’ இதில் மறுப்பு இருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது. பொய்க் கணக்கு மட்டும் வேண்டாம். ‘எனக்கே 48 அடக்கம்’ என்று சொல்லிவிட்டு 44க்குக் கொடுத்தால், அடுத்த முறை நீங்கள் உண்மை சொன்னாலும் அவர் நாலு ரூபாய் கழித்துத்தான் கேட்பார்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கட்டாது என்பதை நாம் நம்மைப் பற்றித்தான் சொல்லலாம். ‘எனக்குக் கட்டாது’ என்பது கணக்கு. ‘உங்களுக்குக் கட்டாது’ என்பது அவமானம். துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன், பட்டுப்புடவை காட்டச் சொன்ன ஓர் அம்மாவிடம் நல்ல எண்ணத்தில், ‘அது உங்களுக்குக் கட்டுப்படியாகாதும்மா, இந்தப் பக்கம் பாருங்க’ என்று சொல்லிவிட்டான். அந்த அம்மா எழுந்து போய்விட்டார், கூட வந்த நாலு பேரும் போய்விட்டார்கள். கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்களாம். ‘எந்த விலைல பாக்கறீங்கம்மா?’ என்று கேட்டிருந்தால் போதும்.

பணம் இல்லாத இடத்திலும் இந்தச் சொல் நடக்கும். ‘இந்த அலைச்சல் எனக்குக் கட்டாதுப்பா’ என்று தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸில் போய்வருகிறவர் சொல்கிறார். சம்பளம் போதவில்லை என்பது அதன் பொருள் இல்லை. கணக்கில் உடம்பையும் சேர்த்துவிட்டார்.

எழுத்தில்

விலைப்பட்டியல், கடிதம், மனு எழுதும்போது ஆளைச் சேர்த்தே எழுதுங்கள். ‘கட்டுப்படியான விலையில் வழங்கப்படும்’ என்பது மொட்டையாக இருக்கிறது. ‘எங்களுக்குக் கட்டுப்படியாகக்கூடிய குறைந்தபட்ச விலை கிலோவுக்கு 50 ரூபாய்’ என்றால் தெளிவு. ‘கட்டுப்பாடான விலை’, ‘கட்டுப்பாட்டு விலை’ என்று சிலர் தவறி எழுதுகிறார்கள். கட்டுப்பாட்டு விலை அரசு வரம்பு கட்டிய விலை, இதற்கும் அதற்கும் உறவில்லை. ஆங்கில அறிக்கையைத் தமிழாக்குகிறவர்கள் காஸ்ட் எஃபெக்டிவ் வருகிற இடமெல்லாம் ‘செலவு குறைந்த’ என்று போட்டுவிடுகிறார்கள். செலவு கூடினாலும் பயன் அதைவிடக் கூடினால் அது காஸ்ட் எஃபெக்டிவ்தான். ‘செலவுக்கேற்ற பயன் தருகிற’ என்று மூன்று சொல்லில் எழுதினாலும் தவறில்லை.

மாதம் ஒருமுறை

கணக்கை ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி திரும்பப் போட வேண்டும். மாவு அக்கா நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறார், அதுவே போதும். அரிசி, உளுந்து, கவர், கரண்ட், திரும்பியது, கூலி என்று ஆறு வரி. உளுந்து 130இலிருந்து 150 ஆனால் மாவுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 2 ரூபாய் ஏறும். முதல் தேதியே தெரிந்தால் விலையை ஏற்றலாமா, பக்கத்துத் தெருவில் நாலு வீடு கூடுதலாகப் பிடிக்கலாமா என்று யோசிக்கலாம். தெரியாமல் நாலு மாதம் ஓட்டினால் ஒரு நாளைக்கு 40 ரூபாய் என்று ஏறக்குறைய 4,800 ரூபாய், புதுக் கிரைண்டர் விலையில் கால்பங்கு, மாவோடு மாவாகப் போயிருக்கும்.